கடன் அட்டையும் வீட்டுக் கணக்கும்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த மூவினத்தாருக்கும் பொதுவாய் விளங்கிய எளிய பொருள்களுள் ஒன்று, அட்டையில் 555 என்னும் எண் பொறித்த சிறு குறிப்பேடாகும். சட்டைப் பையில் அடங்கும் அளவுடைய அதனை மலாய்க்காரர் ‘பூக்கு தீகா லீமா’ என்றனர். தமிழர் 555 புத்தகம் என்றனர். மளிகைக் கடையில் கடனுக்கு வாங்கிய அரிசியும் பருப்பும் கருவாடும் மண்ணெண்ணெயும் அதில் வரிவரியாக ஏறும். சம்பள நாளன்று கூட்டுத்தொகை போடப்படும். பணம் கொடுத்தபின் குறுக்கே ஒரு கோடு விழும். அவ்வளவில் அம்மாதக் கணக்கு முடியும். இக்காலத்துக் கடன் அட்டையின் வரலாற்றை ஆராயப் புகுவோர் வங்கியிலிருந்து தொடங்குவதே வழக்கம். ஆயினும் இந்நாட்டுத் தமிழ்க் குடும்பத்தைப் பொறுத்தவரை அவ்வரலாறு இச்சிறு குறிப்பேட்டிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

கடனுக்கு வாங்கும் வழக்கத்தில் இழிவு ஏதுமில்லை. மாதம் ஒருமுறை கூலி பெறுவோன் நாள்தோறும் உண்ண வேண்டியிருத்தலின், இடைப்பட்ட நாள்களுக்கு யாரேனும் பொருள் கொடுத்துப் பொறுத்திருக்கத்தான் வேண்டும். கருதத்தக்க வினா வேறொன்று. அக்கணக்கை எழுதியவர் யார்? பெரும்பாலும் கடைக்காரரே எழுதினார். அவரிடம் தடித்த பேரேடு ஒன்று இருந்தது. வீட்டாரிடம் இருந்த சிறு குறிப்பேட்டிலும் அவரே எழுதிக் கொடுத்தார். வாங்கியவரோ எழுத்தறியாதவராக இருப்பின், கணக்குக்குரிய பொருள் அவர் வயிற்றிலும் கணக்கு பிறர் கையிலும் இருந்தன. கூட்டல் கற்ற பிள்ளை ஒன்று வீட்டில் இருந்துவிட்டால் நிலைமை மாறும். அப்பிள்ளை விளக்கொளியில் ஒருமுறை கூட்டிப் பார்த்தால் போதும். மறுமாதம் கடைக்காரரும் சற்றுக் கருத்தாகவே எழுதுவார். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் கணக்குப் பாடம் தந்த கைகண்ட பயன்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

தோட்டங்களில் இச்சிக்கல் இன்னும் கடுமையாயிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து ஆள் சேர்த்து வந்த கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் கொடுத்து அழைத்து வந்தார். பல தோட்டங்களில் கடையும் அவர் கையிலேயே இருந்தது. வேலை வாங்குவோரும் கடன் கொடுப்போரும் ஒருவராகிவிட்டால், கூலி கைக்கு வருமுன்னரே அது கழிந்துபோகும் வழி திறந்துவிடுகிறது. உதவிபெற்றுக் கூலியாட்கள் மலாயாவுக்குச் செல்வதை இந்திய அரசு 1938ஆம் ஆண்டில் தடைசெய்ததோடு கங்காணி வழி ஆள்சேர்ப்பு ஓய்ந்தது. பின்னர் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இரண்டு வேலிகளை எழுப்பிற்று. கூலியை எங்கே, யாரிடம், எவ்வாறு செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதித்தல் செல்லாது என்றது ஒன்று. பிடித்தங்கள் யாவும் சேர்ந்து ஒரு மாதக் கூலியில் பாதியை விஞ்சலாகாது என்றது மற்றொன்று. கணக்குப் புத்தகம் தன் கையில் இல்லாத ஒருவனுக்கு, அவன் சார்பாகச் சட்டமே ஒரு வரம்பைக் குறித்துக் கொடுத்தது என்பதே இதன் பொருள்.

இவ்விடத்தில் முரண் ஒன்றைச் சுட்டாமல் அப்பால் செல்ல இயலாது. அதே காலத்தில், அதே மொழி பேசிய நாட்டுக்கோட்டை நகரத்தார், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் பெட்டியடியில் அமர்ந்து நுட்பமான கணக்குகளை எழுதிவந்தனர். அன்றாட வரவு செலவு குறிப்பில் ஏறி, அங்கிருந்து பேரேட்டில் ஆள்வாரியாகப் பிரிந்து, இறுதியில் ஐந்தொகையாகத் திரண்டது. எவரிடமிருந்து வந்தது, எவருக்குச் சென்றது என்னும் இரு முகங்களும் விடுபடாமல் பதிவாயின. தமிழனுக்குக் கணக்குத் தெரியாது என்று எவரும் கூற இயலாது; அக்கணக்கு வீட்டு அடுப்பங்கரை வரை வந்து சேரவில்லை என்பதே உண்மை. வள்ளுவர் வரவையும் செலவையும் எடைபோடும் கருத்தை அரசனுக்குரிய வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். அதனைப் பள்ளியில் மனப்பாடம் செய்த இல்லத்தார் பலரும், அது வேந்தர்க்குச் சொன்னது என்றே எண்ணி விட்டுவிட்டனர் போலும்!

ஐரோப்பாவிலும் ஏறத்தாழ இதே நிலைதான். இத்தாலியத் துறவி லூக்கா பச்சோலி 1494ஆம் ஆண்டு வெனிசு நகரில் அச்சிட்ட கணித நூலில், அந்நகர வணிகர் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். அம்முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வழக்கில் இருந்ததை ஒழுங்குபடுத்தி எழுதினார். அதுவும் வணிகர்க்கே எழுதப்பட்டது. வீட்டுக்கென்றே கணக்கேடு ஒன்றை அமைத்துப் பரப்பிய பெருமை பெரிதும் ஜப்பானியப் பெண் இதழாளர் ஹானி மொத்தோக்கோவைச் சாரும். அவர் 1904ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கக்கேபோ’ என்னும் வீட்டுக் கணக்கேடு, இவ்வளவு செலவாயிற்று என்று பின்னர் எழுதுவதோடு நில்லாமல், இன்னதற்கு இவ்வளவு என முன்னரே ஒதுக்கும் பழக்கத்தையும் இல்லத்தரசியர்க்குக் கற்பித்தது. தமிழகத்துப் பெண்டிர் அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் சேர்த்த சிறுவாட்டுப் பணமும் ஒதுக்கீடே ஆகும். ஆனால் அது எழுதா ஒதுக்கீடு. கணவன் கண்ணுக்குப் படாதிருப்பதே அதன் வலிமை.

இவை யாவும் பொருளையும் பணத்தையும் கண்ணால் கண்டு கணக்கிட்ட காலத்தவை. கடன் அட்டை இந்நிலையை மாற்றியது. அம்மாற்றம் அமெரிக்காவில் தோன்றியதாதலின், அந்நாட்டை நோக்க வேண்டியுள்ளது. கடன் அட்டை என்னும் பெயரே ஒரு புதினத்திலிருந்து கிடைத்தது என்பது பலர் அறியாத செய்தி. எட்வர்ட் பெல்லமி 1888ஆம் ஆண்டு வெளியிட்ட கற்பனைக் கதையில், 2000ஆம் ஆண்டின் குடிமக்கள் நாட்டின் விளைவில் தமக்குரிய பங்கை ஓர் அட்டையின் வாயிலாகப் பெறுகின்றனர். அவ்வட்டையில் கடன் என்பதே இல்லை! உள்ள பங்குக்குள்தான் வாங்கலாம். பெயர் மட்டும் நிலைத்துப் பொருள் தலைகீழாயிற்று.

1950ஆம் ஆண்டில் பிராங்க் மெக்நமாரா தம் கூட்டாளியோடு தொடங்கிய டைனர்ஸ் கிளப், நியூயார்க் உணவகங்களில் செல்லுபடியாகும் அட்டையை வழங்கிற்று. பணப்பையை மறந்து உணவகம் சென்று நாணமுற்றதால் அவருக்கு இவ்வெண்ணம் உதித்தது என்னும் கதை, விளம்பரத்துக்காகப் பின்னர் புனையப்பட்டது என்பாரும் உளர். அவ்வட்டைக்குரிய தொகையை மாத முடிவில் முழுதும் செலுத்திவிட வேண்டும். ஆகவே அது 555 புத்தகத்தின் உடன்பிறப்பே. உண்மையான திருப்பம் 1958ஆம் ஆண்டு செப்டம்பரில் நிகழ்ந்தது. பேங்க் ஆப் அமெரிக்கா, கலிபோர்னியா மாநிலத்துப் பிரெஸ்னோ நகரில், கேளாதவர் வீட்டுக்கெல்லாம் ஏறத்தாழ 60,000 அட்டைகளை அஞ்சலில் அனுப்பி வைத்தது. மாத முடிவில் முழுதும் கட்டத் தேவையில்லை. ஒரு பகுதியைக் கட்டினால் எஞ்சியது வட்டியோடு அடுத்த மாதத்துக்கு உருண்டு செல்லும். நூற்றுக்கு நான்கு கணக்குகளே தவணை தவறும் என்று திட்டமிட்ட வங்கி, நூற்றுக்கு இருபத்திரண்டு தவறியதைக் கண்டு திகைத்தது. திட்டத்தை வகுத்த அலுவலர் விலகினார், திட்டம் விலகவில்லை. அவ்வட்டையே 1976இல் விசா என்னும் பெயர் பூண்டது. கேளாதார்க்கு அட்டை அனுப்பும் வழக்கத்தை அமெரிக்கச் சட்டம் 1970இல் தடைசெய்தது.

மளிகைக் கடைக்காரருக்கும் வங்கிக்கும் உள்ள வேறுபாடு யாது? கடைக்காரர் தம் சொந்தப் பொருளைக் கடனுக்குக் கொடுத்தார். கடன் மிகுந்தால் முதலில் அவர் முகம் மாறும். பின்னர், “போன மாதப் பாக்கியைக் கட்டிவிட்டு வாங்கம்மா” என்பார். அம்முகமாற்றமே ஒரு வரம்பு. அட்டை வந்தபின் கடைக்காரர் தமக்குரிய தொகையை, சிறு கழிவு போக, வங்கியிடமிருந்து உடனே பெற்றுவிடுகிறார். வாங்குபவர் கடனில் மூழ்குவது அவர் கவலையன்று. கடன் கொடுத்த வங்கியோ வாங்குபவர் முகத்தைக் காண்பதில்லை. அட்டையால் வாங்கும்போது கை தாராளமாவது வெறும் ஐயமும் அன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பிரெலெக், சிமெஸ்டர் என்னும் இருவர் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுப் போட்டிக்குரிய நுழைவுச் சீட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டனர். பணமாகக் கொடுக்க வேண்டியவர்கள் கேட்ட விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கை, அட்டையால் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்டனர். சீட்டும் அதுவே, நாளும் அதுவே. கைவிட்டுப் போகும் பொருள் மட்டுமே வேறு.

இனி, அட்டை வீட்டுக் கணக்கில் விளைத்த குழப்பத்தைக் காண்போம். வாங்கும் நாள் ஒன்று, வங்கி கணக்கறிக்கை அனுப்பும் நாள் வேறொன்று, பணம் கட்டும் நாள் மற்றுமொன்று. இம்மூன்றனுள் எந்நாளில் செலவு நிகழ்ந்தது? எடுத்துக்காட்டாக ஒரு குடும்பம் தீபாவளி மாதத்தில் துணிக்கு 480 வெள்ளி, மளிகைக்கு 320, பெட்ரோலுக்கு 150, மருந்துக்கு 50 என 1,000 வெள்ளியை அட்டையில் செலவிட்டது எனக் கொள்வோம். மறுமாதம் கணக்கறிக்கை வருகிறது. குடும்பத் தலைவர் 600 வெள்ளியைக் கட்டுகிறார். வீட்டுக் கணக்கேட்டில் “கடன் அட்டை 600” என்று ஒரு வரி எழுதுகிறார். அவ்வரி எதனையும் உணர்த்துவதில்லை. துணி எவ்வளவு, மருந்து எவ்வளவு என்பது மறைந்தது. எஞ்சிய 400 வெள்ளி ஏட்டிலிருந்தே காணாமற்போயிற்று. மனைவியாரோ கருத்தாக ஒவ்வொரு பொருளையும் வாங்கிய அன்றே எழுதி வைத்திருக்கிறார். இருவர் எழுதியதையும் கூட்டினால் 1,600 வெள்ளி வருகிறது. ஒருவர் கணக்கில் செலவு குறைந்தது; இருவர் கணக்கில் அது பெருகியது. பொய் சொன்னவர் எவருமிலர். ஆயினும் அம்மாத இறுதியில் அவ்வீட்டில் எழும் சொல்லாடலை விவரிக்கத் தேவையில்லை.

இதற்குத் தீர்வு பச்சோலியின் நூலிலும் கிட்டங்கிப் பேரேட்டிலும் முன்னரே இருந்தது. அட்டையைச் செலவு என்று கொள்ளாமல் ஓர் ஆள் என்று கொள்ள வேண்டும். கடன் கொடுத்த ஆள். துணி வாங்கிய அன்றே துணிச் செலவில் 480 ஏறும். அதே 480 அவ்வாளுக்குத் தரவேண்டிய கடனாகவும் ஏறும். பின்னர் 600 கட்டும்போது புதிய செலவு ஏதும் நிகழவில்லை. வங்கி இருப்பில் 600 குறைந்து, கடனிலும் 600 குறைகிறது. அஃது ஓர் இடமாற்றமே. செலவு 1,000 என்பதும் கடன் 400 என்பதும் ஏட்டில் மறையாமல் நிற்கின்றன. அந்த 400க்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 18 எனின், மாதத்துக்கு ஏறக்குறைய 6 வெள்ளி. அது மட்டுமே புதிய செலவு. அதற்கு வட்டி என்றே தனித் தலைப்பு வேண்டும்.

இவ்வளவு பதிவையும் கையால் எழுதுவது எளிதன்று. மாதம் நாற்பது ஐம்பது முறை அட்டையை நீட்டும் குடும்பத்தில் இம்முயற்சி இரண்டாம் மாதமே தளர்ந்துவிடும். இங்குத்தான் கணினி துணைக்கு வந்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்ற டேன் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் என்பாரோடு சேர்ந்து 1979ஆம் ஆண்டில் உருவாக்கிய விசிகால்க், ஓர் எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகைகள் தாமே மாறும் கட்டத்தாளைத் திரையில் தந்தது. அது பொதுவான கருவி. வீட்டுக்கென எழுந்த மென்பொருள்களுள் பெரும்புகழ் பெற்றது குயிக்கன். ஸ்காட் குக் என்பாரின் துணைவியார் மாதந்தோறும் கட்டணச் சீட்டுகளோடு போராடுவதன் சலிப்பைச் சொல்லிக் குறைபட, அதிலிருந்து பிறந்த எண்ணமே அது என்பர். குக் அவர்களும் மாணவரான டாம் புரூவும் 1983ஆம் ஆண்டில் இன்டியூட் நிறுவனத்தைத் தொடங்கினர். கணக்கியற் சொற்களைத் திரையில் காட்டாமல், காசோலை போலவும் காசோலைப் பதிவேடு போலவும் காட்டியதே அவர்தம் வெற்றியின் கமுக்கம். திரைக்குப் பின்னே இரட்டைப் பதிவின் கருத்து இயங்கிற்று. பயன்படுத்துவோர் “அட்டைக்குக் கட்டினேன்” என்று எழுதினால், அது செலவன்று, இடமாற்றம் என்பதை மென்பொருளே உணர்ந்து இரு பக்கமும் பதிந்தது. ஐந்நூறு ஆண்டுகளாக வணிகர் பெட்டியடியில் இருந்த நுட்பம், பெயர் சொல்லாமலேயே சமையலறை மேசைக்கு வந்து சேர்ந்தது.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவானவை. மைக்ரோசாப்ட் 1991இல் ‘மணி’ என்னும் போட்டி மென்பொருளை வெளியிட்டது. 1994இல் இன்டியூட் நிறுவனத்தையே விலைக்கு வாங்க முற்பட்டு, அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்ததால் 1995இல் பின்வாங்கிற்று. 1997இல் வங்கியின் பதிவுகளை மென்பொருள் நேரே பெற்றுக்கொள்ளும் பொது வடிவம் வகுக்கப்பட்டது. மறு ஆண்டில், விலையின்றி எவரும் பெறத்தக்க குனூகேஷ் முழு இரட்டைப் பதிவு முறையோடு வெளிவந்தது. 2004ஆம் ஆண்டில், கணக்கியல் மாணவராயிருந்த ஜெசி மெச்சம் தம் குடும்பத்துக்கென அமைத்த கட்டத்தாளிலிருந்து ஒய்நேப் தோன்றியது. இதன் முறை சிறுவாட்டுப் பணத்தை நினைவூட்டுவது. கையில் உள்ள பணம் முழுவதும் முதலில் உறைகளில் பிரிக்கப்படுகிறது. துணிக்கென ஒதுக்கிய உறையிலிருந்து அட்டையால் 480 செலவிட்டால், அந்த 480 துணி உறையை விட்டு, அட்டைக்குக் கட்டவேண்டிய உறைக்கு அக்கணமே நகர்கிறது. கணக்கறிக்கை வரும் நாளில் பணம் காத்திருக்கிறது. கடன் அட்டையைக் கொண்டே கடனின்றி வாழும் வழி இது.

இந்நாட்டில் அட்டையின் பெருக்கத்தை அரசும் உற்று நோக்கியது. கடனில் சிக்கியோர்க்கு அறிவுரை வழங்கவும், கடன்களைத் திருப்பிச் செலுத்த ஒழுங்கு செய்யவும் பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் ஏகேபிகே என்னும் அமைப்பை நிறுவியது. 2011ஆம் ஆண்டின் விதிகள், ஆண்டு வருமானம் 24,000 வெள்ளிக்குக் குறைந்தோர் அட்டை பெறலாகாது என்றன. 36,000 வெள்ளியோ அதற்குக் குறைவோ ஈட்டுவோர் இரு நிறுவனங்களின் அட்டைகளையே வைத்திருக்கலாம், ஒவ்வொன்றின் வரம்பும் மாத வருமானத்தின் இரு மடங்கை விஞ்சலாகாது என்றன. 1955ஆம் ஆண்டுச் சட்டம் கூலியில் பாதி என வரம்பிட்டதைப் போன்றதே இதுவும். ஆயினும் சட்டம் அடைக்காத ஒரு வழி இருக்கிறது. மாதந்தோறும் கட்டவேண்டிய மிகக் குறைந்த தொகை நூற்றுக்கு ஐந்து என்பது விதி. 4,000 வெள்ளிக் கடனுக்கு 200 கட்டுபவர் தாம் ஒழுங்காகக் கட்டிவருவதாகவே எண்ணுகிறார். 18 விழுக்காட்டில் அதில் ஏறத்தாழ 60 வெள்ளி வட்டிக்குச் செல்ல, 140 வெள்ளியே கடனைக் குறைக்கிறது. “அட்டை 200” என்று எழுதும் ஏட்டில் இது தெரியாது. வட்டிக்குத் தனித் தலைப்பிட்ட ஏட்டில், ஆண்டு முடிவில் அத்தலைப்பின் கூட்டுத்தொகை கண்ணில் அறையும்.

தன் கணக்கு தன்னிடம் இருப்பதன் பயன் இதனோடு முடிவதில்லை. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், கணக்கறிக்கையில் தவறு கண்டால் அது அனுப்பப்பட்ட 60 நாள்களுக்குள் எழுத்து வழி மறுக்கும் உரிமையை அட்டைதாரர்க்கு வழங்கியது. “இதை நான் வாங்கவில்லை” என்று துணிந்து எழுத, வாங்கியவை எவை என்னும் பதிவு அவரிடம் இருக்க வேண்டுமன்றோ? வங்கி அனுப்பிய பட்டியலையே தம் கணக்காகக் கொள்பவர், கடைக்காரர் எழுதிய 555 புத்தகத்தை நம்பிய எழுத்தறியாதவரின் நிலைக்கே திரும்புகிறார். எழுத்தறிவு இருந்தும் அந்நிலை நேர்கிறது என்பதே வியப்பு.

இக்கண்கொண்டு நோக்குங்கால் இரு மென்பொருள்களின் முடிவு சிந்திக்கத்தக்கது. 2007ஆம் ஆண்டில் தோன்றிய மிண்ட், வங்கிப் பதிவுகளைத் தானே திரட்டி, தலைப்பு வாரியாகப் பிரித்து, விலையின்றிக் காட்டியது. எழுதும் வேலையே இல்லை என்பதால் மக்கள் திரண்டனர். கணக்கோ அவர்கள் வீட்டில் இல்லை. நிறுவனத்தின் கணினியில் இருந்தது. இன்டியூட் அதனை 2009இல் 17 கோடி டாலருக்கு வாங்கி, 2024ஆம் ஆண்டு மார்ச்சில் மூடிவிட்டது. பல்லாண்டுப் பதிவுகளை வைத்திருந்தோர், குறித்த நாளுக்குள் அவற்றைத் தரவிறக்கம் செய்துகொள்ள விரைந்தனர். மைக்ரோசாப்ட் மணியின் விற்பனையும் 2009ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. ஆனால் அதன் கோப்புகள் அவரவர் வீட்டுக் கணினியிலேயே இருந்தன. அடுத்த ஆண்டில் அந்நிறுவனம், இணையத்தின் துணையின்றி இயங்கும் இறுதிப் பதிப்பொன்றை விலையின்றி வெளியிட்டது. விற்பனை முடிந்து பல்லாண்டுகள் சென்றபின்னும் அதனைத் திறந்து, துணி, மளிகை, பெட்ரோல், மருந்து எனத் தம் கையால் பதிந்துவந்த குடும்பங்கள் இருந்தன.